அதே பாவம், அதே கண்ணீர்: கடவுள் சலித்துப்போவாரா?

உங்கள் கேள்வியை மூன்று தடவை படித்தேன். ஆறு வருடமாக ஒரே பாவத்தில் திரும்பத் திரும்ப விழுகிறீர்கள். ஒவ்வொரு தடவையும் அழுகிறீர்கள், இனிமேல் இல்லை என்று வாக்குக் கொடுக்கிறீர்கள், சில வாரம் தாக்குப்பிடிக்கிறீர்கள், மறுபடி விழுகிறீர்கள். போன மாதம் ஒரு பிரசங்கத்தில், மனப்பூர்வமாய்ப் பாவஞ்செய்தால் வேறொரு பலி இல்லை என்கிற எபிரெயர் 10:26-ஐக் கேட்டதிலிருந்து ஜெபிக்க வாயே வரவில்லை என்கிறீர்கள். "கடவுள் என்னை மன்னிப்பாரா?" என்று மேலே கேட்டிருந்தாலும் உங்கள் மனசு கடைசி வரியில்தான் தெரிகிறது: "மறுபடியும் அவர் முன்னால் போய் நிற்கவே வெட்கமாக இருக்கிறது, என்னைப் பார்த்தாலே அவருக்கு எரிச்சல் வராதா?" மன்னிப்புக் கிடைக்கும் என்பது உங்களுக்குப் பாடமாகத் தெரிந்திருக்கிறது. மன்னிக்கிறவர் எந்த முகத்தோடு மன்னிக்கிறார், பல்லைக் கடித்துக்கொண்டா, கடமைக்கா என்பதே தெரியவில்லை. அதனால் அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் இறையியல் படித்தவன். கிரேக்கமும் ஓரளவு எபிரெயமும் கற்று, இருபது வருடத்துக்கு மேலாக வேதபாடம் நடத்துகிறேன். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு ஒருவர் மட்டும் தயங்கி நிற்பார். பையைத் தோளில் மாட்டுவார், இறக்கி வைப்பார், மறுபடி மாட்டுவார். பிறகு மெதுவாக அவர் கேட்பது பெரும்பாலும் உங்கள் கேள்வியைத்தான். அதனால் இதில் நீங்கள் தனி ஆள் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் பாவம் என்னவென்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கப்போவதில்லை. ஆனால் அது இன்னொருவரைக் காயப்படுத்துகிறதா இல்லையா என்பதைப் பொறுத்து ஒரு விஷயம் மாறும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

எரிச்சல் என்ற உங்கள் சொல்லிலிருந்தே தொடங்கலாம். தான் எப்படிப்பட்டவர் என்று கடவுள் தாமே வாய்திறந்து சொல்லும் இடம் யாத்திராகமம் 34. "கர்த்தர், கர்த்தர், இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும், மகா தயையும், சத்தியமுமுள்ள தேவன்." இது எப்போது சொல்லப்பட்டது என்று பாருங்கள். 24-ஆம் அதிகாரத்தில் மக்கள் கூட்டமாக, கர்த்தர் சொன்ன எல்லாவற்றையும் செய்வோம் என்று ஒரே குரலில் வாக்குக் கொடுத்தார்கள். மோசே மலையில் இருந்தது நாற்பது நாள். அவர் இறங்குவதற்குள் கன்றுக்குட்டி செய்து அதைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தார்கள். கற்பலகைகள் உடைந்தன. முந்தினவற்றைப் போலவே இரண்டு பலகைகளை இழைத்துக்கொண்டு மறுபடி மேலே வா என்று மோசேயை அழைத்துத்தான் இந்த வாக்கியத்தைச் சொல்கிறார். அவர்கள் ஒழுங்காக இருந்த நாளில் இதைச் சொல்லியிருந்தால் நமக்கு அதில் பெரிய ஆறுதல் இருந்திருக்காது.

அதில் வரும் "நீடிய சாந்தம்" எபிரெயத்தில் ஒரு விசித்திரமான தொடர். எரெக் அப்பாயிம். சொல்லுக்குச் சொல் எடுத்தால் "மூக்கு நீளமானவர்" என்றாகும். எபிரெயத்தில் கோபத்துக்கு மூக்கும் ஒரு பெயர், கோபம் வருவது மூக்கு சூடேறுவது. மூக்குக்கு மேல் கோபம் என்று நாமும் சொல்கிறோமே, அதற்கு நேர் எதிர் இது. கோபம் வந்து சேர வெகுதூரம் போகவேண்டியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோபமே வராதவர் என்று சொல்லவில்லை, அடுத்த வசனமே குற்றத்தை அவர் லேசாக விடுவதில்லை என்கிறது. ஆனால் எரிச்சல், சலிப்பு, "இவன் மறுபடியும் வந்துட்டானா" என்கிற அந்த முகச்சுளிப்பு, அது இந்தப் பட்டியலிலேயே இல்லை. பட்டியலின் முதல் சொல்லான இரக்கம், எபிரெயத்தில் ரகூம், கருப்பையைக் குறிக்கும் ரெகெம் என்ற சொல்லோடு உறவுடையது. இந்த வாக்கியம் வேதத்தில் திரும்பத் திரும்ப எதிரொலிக்கிறது: நெகேமியாவில், சங்கீதம் 86-லும் 103-லும் 145-லும், யோவேலில். யோனா இதையே புகாராகச் சொல்கிறார். நீர் இப்படிப்பட்டவர் என்று தெரிந்துதானே நான் ஓடிப்போனேன், நினிவேக்காரரை விட்டுவிடுவீர் என்று எனக்கு அப்போதே தெரியும் என்று கடவுளிடமே கோபித்துக்கொள்கிறார். கடவுள் அளவுக்கு மீறி இரங்குகிறார் என்று ஒரு தீர்க்கதரிசி குறைப்பட்டுக்கொண்டது வேதப் புத்தகத்திலேயே இருக்கிறது.

புதிய ஏற்பாட்டுக்கு வந்தால், தமிழில் "மனதுருகி" என்று வரும் இடங்களில் கிரேக்கத்தில் ஸ்பிளாங்னிஸோமாய் என்ற வினைச்சொல் இருக்கிறது. ஸ்பிளாங்னா என்றால் உள்ளுறுப்புகள், குடல். வயிற்றைப் பிசைகிறது என்போமே, அந்த இடத்தில் உண்டாகும் இரக்கம் அது. மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூன்று சுவிசேஷங்களில் மொத்தம் 12 இடங்களில் மட்டும் அது வருகிறது. இயேசுவைப் பற்றியோ, அவர் சொன்ன கதைகளில் வரும் எஜமான், நல்ல சமாரியன், கெட்டுப்போன மகனின் தகப்பன் ஆகியோரைப் பற்றியோ மட்டுமே அது சொல்லப்படுகிறது. அந்தத் தகப்பன் கதை உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும், ஆனால் ஒரு சின்ன விஷயத்தைக் கவனித்தீர்களா? மகன் பன்றிகளின் நடுவில் உட்கார்ந்து ஒரு பேச்சைத் தயாரிக்கிறான். அதற்கு மூன்று பகுதி: பாவம் செய்தேன், மகன் எனப்பட நான் தகுதியற்றவன், கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்து சொல்லும்போது முதல் இரண்டும் வருகின்றன, மூன்றாவது வரவில்லை. சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் அந்த வரியும் சேர்ந்திருக்கிறது. ஆனால் அது பின்னால் யாரோ லூக்கா 15:19-ஐப் பார்த்துச் சேர்த்தது என்றே பதிப்பாசிரியர்களில் பெரும்பாலோர் கருதுகிறார்கள். தகப்பன் ஏற்கனவே அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டுவிட்டார். நான் வேலை செய்து ஈடுகட்டிவிடுகிறேன் என்று சொல்லிமுடிக்க அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. உங்களுடைய "இனிமேல் சத்தியமாக இல்லை ஆண்டவரே" என்பதும் அந்த மூன்றாவது வரியைச் சேர்ந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

இது இன்னும் தெளிவாகத் தெரிவது பேதுருவிடம். இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். கடைசி இராவிருந்தின் இரவில் இயேசு அவரிடம் சொன்னதை லூக்கா பதிவு செய்கிறார்: "சீமோனே, சீமோனே, இதோ, கோதுமையைச் சுளகினால் புடைக்கிறதுபோலச் சாத்தான் உங்களைப் புடைக்கிறதற்கு உத்தரவு கேட்டுக்கொண்டான். நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன். நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து." கடைசிப் பகுதியை மெதுவாகப் படியுங்கள். குணப்பட்டால் என்று அதில் இல்லை, "குணப்பட்டபின்பு" என்று இருக்கிறது. பேதுரு இன்னும் விழவில்லை. விழப்போகிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. அவர் வாயில் அப்போது இருந்தது ஒரு வாக்குறுதி: உம்மோடு சாகவேண்டியிருந்தாலும் உம்மை மறுதலிக்கமாட்டேன். அந்த இரவில் மேசையைச் சுற்றி ஒரு வாக்குறுதியும் இருந்தது, ஒரு ஜெபமும் இருந்தது. பேதுருவின் வாக்குறுதி விடிவதற்குள் போய்விட்டது. இயேசுவின் ஜெபம் நின்றது.

அப்புறம் பிரதான ஆசாரியன் வீட்டு முற்றம். குளிருக்காக வேலைக்காரர்கள் கரிநெருப்பு மூட்டியிருக்கிறார்கள், பேதுருவும் அவர்களோடு நின்று குளிர்காய்கிறார். அங்கேதான் மூன்று தடவை "அவரை எனக்குத் தெரியாது" என்கிறார். இந்தக் கரிநெருப்புக்கான கிரேக்கச் சொல், அந்த்ரக்கியா, புதிய ஏற்பாடு முழுவதிலும் இரண்டே இடத்தில் வருகிறது. ஒன்று யோவான் 18-இல் இந்த முற்றத்தில். இன்னொன்று யோவான் 21-இல், உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் மூட்டிவைத்த நெருப்பு. மேலே மீன் வெந்துகொண்டிருக்கிறது, பக்கத்தில் அப்பம். இரவு முழுக்க வலைபோட்டுக் களைத்து, நனைந்த உடையோடு கரையேறுகிறார் பேதுரு, அந்தப் புகை வாசனை அவருக்கு எதை ஞாபகப்படுத்தியிருக்கும்! யோவான் வேண்டுமென்றே இந்த இரண்டு நெருப்பையும் எதிரெதிரே வைத்தாரா என்று அடித்துச் சொல்ல முடியாது, வைத்தார் என்றே நான் நினைக்கிறேன். உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: விசாரிப்பதற்கு முன்னால் இயேசு சொன்னது "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்". சாப்பிட்டு முடித்த பிறகுதான் கேள்விகள். மூன்று மறுதலிப்புக்கு எதிரில் மூன்று கேள்வி, அந்த மூன்றிலும் "ஏன் அப்படிச் செய்தாய்?" என்பது இல்லை, "இனிமேல் செய்வாயா?" என்பதும் இல்லை. என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா என்பதே கேள்வி. ஒவ்வொரு பதிலுக்கும் பின்னால் ஆடுகளை ஒப்படைக்கிறார். (இங்கே அகப்பாவோ, ஃபிலியோ என்று அன்பைக் குறிக்கும் இரண்டு கிரேக்கச் சொற்கள் மாறிமாறி வருவதை வைத்து நிறையப் பிரசங்கங்கள் உண்டு. யோவான் இந்த இரண்டையும் மற்ற இடங்களில் ஒரே பொருளில் புழங்குவதால், அந்த வித்தியாசத்தின் மேல் நான் எதையும் கட்டமாட்டேன்.)

நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். நீங்கள் கடவுளைப் பற்றிக் கற்பனை செய்திருப்பது, உங்கள் வாக்குறுதியை நம்பி ஏமாந்துபோன ஒருவரைப் போல. கடன் கொடுத்தவர் ஒவ்வொரு தடவையும் "அடுத்த மாதம் நிச்சயம்" என்பதை நம்பி நம்பி ஒருநாள் கதவைச் சாத்துவாரே, அப்படி. ஒரு மனிதன் சலித்துப்போவது அவன் எதிர்பார்ப்பு உடைவதால்தான். கடவுள் உங்கள் வாக்குறுதியை நம்பி மன்னிக்கவே இல்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் முதல் தடவை நீங்கள் அழுதபோதே, இரண்டாவது தடவை அவருக்குத் தெரியும், நேற்றையதும் தெரியும். தெரிந்தே மன்னித்தார். சங்கீதம் 103 சொல்வதும் அதுவே: "நம்முடைய உருவம் இன்னதென்று அவர் அறிவார், நாம் மண்ணென்று நினைவுகூருகிறார்." நம்மை நன்றாக அறிந்ததும் விலகிப்போவது மனிதர் வழக்கம். இந்தச் சங்கீதத்திலோ அவர் நம்மை அறிந்திருப்பதே அவர் இரங்குவதற்குக் காரணமாக வருகிறது.

என்னிடம் படித்த ஒருவர் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தார். விழாமல் இருந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு. விழுந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து. ஒருநாள் அதை என் கையில் கொடுத்தார். மேலே அட்டை புதிதாக இருந்தது, உள்ளே ஏழெட்டுத் தாள்தான் மிச்சம். தையல் ஓரத்தில் கிழிந்த தாள்களின் நுனிகள் வரிசையாக நின்றன. இத்தனை நாள் நின்றேன் என்பதையும் சேர்த்தே கிழித்துவிடுகிறீர்களே என்றேன். அவர் சொன்னார்: "விழுந்த பிறகு அதெல்லாம் கணக்கில் வராது இல்லையா?" அந்த எண்ணம்தான் அவரை மறுபடி மறுபடி தள்ளியது. விழுந்த அன்றைக்கு எல்லாமே போய்விட்டது என்றால் இன்னும் இரண்டு நாள் அதிலேயே கிடந்தாலும் ஒன்றுதான் என்று மனசு சொல்லும். உங்களுக்கும் இது பழக்கமாக இருக்கலாம். நோட்டை நிறுத்திய பிறகும் அவர் விழுந்தார், மறைக்கவில்லை. ஆனால் விழுவதற்கும் எழுவதற்கும் நடுவிலிருந்த நாட்கள் குறைந்துகொண்டே வந்தன என்று சொன்னார்.

எத்தனை தடவை என்ற கேள்விக்கு நேராக வருகிறேன். மத்தேயு 18-இல் பேதுரு ஏழு தடவை போதுமா என்று கேட்க, இயேசு "ஏழெழுபதுதரமட்டும்" என்கிறார். எனக்கு அதைவிட லூக்கா 17:4 பெரிதாகத் தெரிகிறது. உன் சகோதரன் ஒரே நாளில் ஏழு தடவை உனக்கு விரோதமாகக் குற்றம் செய்து, ஏழு தடவையும் வந்து மனஸ்தாபப்படுகிறேன் என்றால் அவனை மன்னிக்க வேண்டும். ஒரே நாள்! காலையில் வந்தவன் மதியத்துக்குள் நாலாவது தடவையாக வந்தால், இவன் மனஸ்தாபம் உண்மைதானா என்று யாருக்கும் சந்தேகம் வரும். அந்தச் சந்தேகத்துக்கு இயேசு இடமே கொடுக்கவில்லை. ஒரு சாதாரண மனிதனிடம் இவ்வளவு கேட்கிறவர், தாம் அதைவிடக் குறைவாகச் செய்வாரா?

சரி, எபிரெயர் 10:26. இதைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. "சத்தியத்தை அறியும் அறிவை அடைந்தபின்பு நாம் மனப்பூர்வமாய்ப் பாவஞ்செய்கிறவர்களாயிருந்தால், பாவங்களினிமித்தம் செலுத்தத்தக்க வேறொரு பலி இனியிராமல்" என்று போகிறது அந்த வசனம். அது மெய்யான எச்சரிக்கை. ஆனால் யாருக்கு? முந்தின வசனம், சபை கூடிவருவதையே விட்டுவிட்ட சிலரைப் பற்றிப் பேசுகிறது. 29-ஆம் வசனம் அந்தப் பாவம் என்னவென்று விளக்குகிறது: தேவனுடைய குமாரனைக் காலின்கீழ் மிதிப்பது, உடன்படிக்கையின் இரத்தத்தை அசுத்தம் என்று எண்ணுவது, கிருபையின் ஆவியை நிந்திப்பது. துன்பத்துக்குப் பயந்து கிறிஸ்துவையே வேண்டாம் என்று உதறிவிடும் நிலை அது. அப்படி உதறினவருக்கு வேறு எங்கே பலி இருக்கிறது என்று கேட்கிறார் ஆசிரியர். "வேறொரு பலி" இல்லை என்பதே வாக்கியம். இந்தப் பலியின் பலன் இத்தனை தடவைக்குப் பிறகு தீர்ந்துவிடும் என்று அந்த வசனத்தில் எங்கும் இல்லை. கிரேக்கத்தில் அந்த வினை தொடர்ந்து நடப்பதைக் குறிக்கும் வடிவத்தில் இருக்கிறது, தமிழ் மொழிபெயர்ப்பும் "செய்கிறவர்களாயிருந்தால்" என்று அதைப் பிடித்திருக்கிறது. பலவீனத்தில் விழுந்து, அழுது, அவர் என்னை வெறுத்துவிடக்கூடாதே என்று ஒரு மாதமாகத் தூக்கமில்லாமல் இருப்பவர் கிறிஸ்துவை மிதித்துக்கொண்டிருப்பவர் அல்ல. அவர்மேல் உங்களுக்கு அக்கறை இல்லாமல் போயிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

இதே நிருபத்தில் 12:17-உம் நிறையப் பேரை வாட்டியிருக்கிறது, ஏசா கண்ணீர்விட்டுத் தேடியும் மனம் மாறுதலைக் காணாமற்போனான் என்கிற வசனம். 17-ஆம் நூற்றாண்டில் ஜான் பனியன் என்ற ஆங்கிலப் பிரசங்கியார் இந்த வசனத்தால் நீண்ட காலம் நிம்மதி இழந்ததைத் தாமே எழுதியிருக்கிறார். ஏசா கண்ணீரோடு தேடினது எது? கிரேக்கத்தில் அந்த இடத்தில் "அதை" என்ற பெண்பால் பிரதிப்பெயர் இருக்கிறது. மனமாறுதல், ஆசீர்வாதம் என்ற இரண்டு சொற்களும் கிரேக்கத்தில் பெண்பால், அதனால் இலக்கணம் இரண்டுக்கும் இடம் தருகிறது. ஆதியாகமம் 27-ஐத் திறந்து பார்த்தால் ஏசா கதறி அழுதது தம்பிக்குப் போய்விட்ட தகப்பனின் ஆசீர்வாதத்துக்காக. அந்தப் பக்கமே நான் சாய்கிறேன். எப்படி எடுத்தாலும், மனந்திரும்ப விரும்பி அழுத ஒருவனைக் கடவுள் திருப்பி அனுப்பினார் என்பதற்கு இந்த ஒரு வசனத்தைச் சாட்சியாக நிறுத்த முடியாது.

உங்கள் கேள்வி திருச்சபை முழுவதையும் உலுக்கின காலம் ஒன்று உண்டு. கி.பி. 250-இல் ரோமப் பேரரசன் டேசியஸ், எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு அதற்கு அத்தாட்சிச் சீட்டு வாங்கவேண்டும் என்று ஆணையிட்டான். அந்தச் சீட்டுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவை எகிப்தின் மணலிலிருந்து பாப்பிரஸ் தாள்களாகக் கிடைத்திருக்கின்றன. நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்தவன், இப்போதும் உங்கள் கண்முன்னால் பலியிட்டு அதைச் சுவைத்தேன், அத்தாட்சி தரக் கேட்டுக்கொள்கிறேன் என்கிற ரீதியில் இருக்கும். கிறிஸ்தவர்களில் ஏராளமானோர் பயந்து பலியிட்டார்கள், சிலர் காசு கொடுத்துச் சீட்டு மட்டும் வாங்கினார்கள். அடுத்த வருடம் டேசியஸ் போரில் செத்தான். விழுந்தவர்கள் அழுதுகொண்டு சபையின் வாசலில் வந்து நின்றார்கள். என்ன செய்வது? ரோமில் நோவேஷியன் என்ற மூப்பர், இவர்களைச் சபை மறுபடி சேர்க்கக்கூடாது என்றார். வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜ் நகரின் ஆயர் சிப்ரியன் முதலில் கண்டிப்பாகவே இருந்தார். 251-இல் ஆயர்கள் கூடி, ஆளுக்கு ஆள் விசாரித்து, மனந்திரும்புதலுக்குக் காலம் கொடுத்துச் சேர்க்கலாம் என்றார்கள். அடுத்த உபத்திரவம் நெருங்குகிற மாதிரி இருந்தபோது, காத்திருந்தவர்களை எல்லாம் உள்ளே எடுத்துக்கொண்டார்கள். வரப்போகும் போராட்டத்துக்கு இவர்களுக்குத்தான் பலம் அதிகம் தேவை என்பது சிப்ரியனின் வாதம். அதே சிப்ரியன் 258-இல் தலைவெட்டப்பட்டு இரத்தசாட்சியாக மரித்தார். இரக்கம் காட்டச் சொன்னவர் விசுவாசத்தை மலிவாக எண்ணியவர் அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன். 325-இல் நிசேயா சங்கமும் தன் எட்டாம் விதியில், நோவேஷியன் பிரிவிலிருந்து வரும் குருமார், விழுந்து எழுந்தவர்களோடு ஐக்கியம் வைத்துக்கொள்வோம் என்று எழுதிக் கொடுக்கவேண்டும் என்றது. அந்தச் சமயத்தில் அந்தப் பிரிவின் ஆயர் ஒருவரிடம் பேரரசன் கான்ஸ்டன்டைன், "ஏணியை வைத்து நீர் மட்டும் தனியாகப் பரலோகத்துக்கு ஏறிப்போம்" என்று சொன்னதாக ஐந்தாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதுகிறார். அப்படியே நடந்ததா என்பது வேறு விஷயம். சபை இந்தக் கேள்வியில் எந்தப் பக்கம் நின்றது என்பதில் சந்தேகமில்லை.

கிறிஸ்தவர்கள் ஒத்துப்போகாத இடங்களும் உண்டு, அவற்றை மறைப்பது நியாயமில்லை. மெய்யாக விசுவாசித்த ஒருவர் முற்றிலுமாக விலகிப்போக முடியுமா? சீர்திருத்த சபைகளில் ஒரு பெரும்பகுதி முடியாது என்கிறது, மெதடிஸ்ட் மரபும் கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் சபைகளும் முடியும் என்கின்றன. கனமான பாவத்துக்குப் பிறகு குருவிடம் பாவ அறிக்கை செய்வது அவசியமா என்பதிலும் இதே போலப் பிரிவு உண்டு. கடவுளுக்கு நம்மைப் போல மனவேதனை உண்டா என்பது இன்னும் பழைய விவாதம். "என் இருதயம் எனக்குள் குழம்புகிறது" என்று ஓசியா 11-இல் அவர் பேசுவதை அப்படியே எடுக்கவேண்டும் என்போரும் உண்டு, மனித மொழியில் தம்மைத் தாழ்த்திச் சொன்னது என்போரும் உண்டு. நான் முதல் பக்கம் சாய்ந்தவன், ஆனால் மற்றவர்களிடமும் வலுவான காரணங்கள் இருக்கின்றன. இந்த எல்லாத் தரப்பும் ஒரே குரலில் சொல்வது ஒன்று: திரும்பி வருகிறவரை அவர் தள்ளுவதில்லை.

இனி, பின்னால் சொல்கிறேன் என்ற விஷயம். இரக்கம் என்றால் விளைவுகள் காணாமல் போகும் என்று அர்த்தமில்லை. தாவீது "பாவஞ்செய்தேன்" என்ற அந்த நிமிடமே தீர்க்கதரிசி நாத்தான், கர்த்தர் உன் பாவம் நீங்கச்செய்தார் என்றார். ஆனாலும் தாவீது கொல்லச் செய்த உரியா உயிரோடு வரவில்லை, தாவீதின் வீட்டில் பிறகு நடந்ததும் நமக்குத் தெரியும். உங்கள் பாவம் இன்னொருவருடைய உடலையோ பணத்தையோ நம்பிக்கையையோ காயப்படுத்துகிறது என்றால், இரவில் தனியாக ஜெபித்துவிட்டு நிம்மதியாகிவிட முடியாது. சகேயு நாலத்தனையாகத் திரும்பக் கொடுக்கிறேன் என்றான். காயப்பட்டவருடைய பாதுகாப்பு முதலில். அது சட்டத்துக்கு உட்பட்ட குற்றமாக இருந்தால் அதற்கான பொறுப்பையும் ஏற்கவேண்டும். மன்னிப்பைக் காட்டி அதை மூடிவைப்பவர்கள் கடவுளின் இரக்கத்தையே கெடுக்கிறார்கள், அதைப் பார்த்து நான் பலமுறை கோபப்பட்டிருக்கிறேன். உங்கள் கேள்வியின் தொனியைப் பார்த்தால் உங்கள் போராட்டம் அந்த வகை அல்ல என்று தோன்றுகிறது, அது தவறாகவும் இருக்கலாம் என்பதால் சொல்லிவைத்தேன்.

கிருபை பெருகட்டும் என்று பாவத்திலேயே நிலைநிற்கலாமா என்று பவுல் கேட்டு, கூடாதே என்று பதில் சொல்வதும் உங்களுக்குத் தெரியும். அதனால் நடைமுறையில் என்ன செய்வது? வாக்குறுதி கொடுப்பதை நிறுத்துங்கள். மனந்திரும்புதலுக்கும் வாக்குறுதிக்கும் வித்தியாசம் இருக்கிறது. மனந்திரும்புதல் என்பது திரும்பி நடப்பது, இன்றைக்கு ஒரு அடி. வாக்குறுதி என்பது இனி வரும் எல்லா நாளுக்கும் நானே ஜாமீன் என்று கையெழுத்துப் போடுவது. 1 யோவான் 1:9 கேட்பது அறிக்கையை. அதே வசனம், மன்னிக்கிறதற்கு அவர் "உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்" என்கிறது. நம் உண்மையைப் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. விழுந்ததும் அழுது முடிக்கும்வரை காத்திருக்காமல் உடனே திரும்புங்கள். இயேசு சொன்ன கதையில் வரும் ஆயக்காரன், அதாவது வரி வசூலிக்கிறவன், சொன்னது "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்ற ஒரே ஒரு வாக்கியம். அவன் நீதிமானாக்கப்பட்டவனாய் வீட்டுக்குப் போனான்.

உடம்பையும் கவனியுங்கள், ஆவிக்குரிய விஷயத்தில் உடம்புக்கு என்ன வேலை என்று ஒதுக்காதீர்கள். எலியா சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு போதும் கர்த்தாவே என்று சாகக் கேட்டபோது, தூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தட்டி எழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டுவிட்டு அவர் மறுபடி படுத்துக்கொண்டார், தூதன் இரண்டாம் தடவையும் வந்து எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். நீங்கள் எந்த நேரத்தில், எந்தக் களைப்பில், எந்தத் தனிமையில் விழுகிறீர்கள் என்று பாருங்கள், அனேகமாக அதில் ஒரு ஒழுங்கு தெரியும்.

இன்னொன்று. ஒரே பாவத்தை ஒரே நாளில் பத்து இருபது தடவை அறிக்கையிட்டும் "சரியாகச் சொன்னேனா" என்ற பயம் விடவில்லை, மனசில் தானாக ஓடும் எண்ணங்களெல்லாம் பாவமாகிவிட்டதோ என்று நாள் முழுக்கச் சோதித்துக்கொண்டே இருக்கிறீர்கள் என்றால், அது விசுவாசக் குறைவு அல்ல. மருத்துவர்கள் ஓசிடி என்று சொல்லும் எண்ணச் சுழற்சி சில பேருக்கு மத விஷயங்களைப் பிடித்துக்கொண்டு வரும், அதற்கு நல்ல சிகிச்சை உண்டு. அதைக் கண்டுபிடிக்கும் தகுதி எனக்கு இல்லை, மனநல மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். அதேபோல, ஒரு பழக்கம் போதை அளவுக்குப் போயிருந்தால் அதற்கும் உதவி தேடுவதில் வெட்கம் வேண்டாம். உயிரோடு இருப்பதே வேண்டாம் என்று தோன்றினால் இதை மேலும் படிக்காமல் பக்கத்தில் இருக்கும் ஒருவரை இப்போதே கூப்பிடுங்கள்.

கடைசியாக, இதை ஒரு மனிதரிடம் சொல்லவேண்டும். யாக்கோபு 5:16 ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது. ஆறு வருடமாக உங்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பது உங்கள் மனசின் குரல் மட்டும்தான், அது கடவுளின் குரல் மாதிரியே கேட்கப் பழகிவிட்டது. வேறொரு குரல் "உனக்கு மன்னிப்பு உண்டு" என்று சொல்லிக் காதால் கேட்கவேண்டும். குருவோ, போதகரோ, வயதில் மூத்த ஒரு விசுவாசியோ, வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்தவராக இருக்கட்டும். அதிர்ச்சியைக் காட்டுகிறவரும் வேண்டாம், "இதெல்லாம் ஒன்றுமில்லை" என்று சிரித்துத் தள்ளுகிறவரும் வேண்டாம். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால், இங்கே என்னைப் போன்ற முன்பின் தெரியாதவரிடம் எழுதினீர்களே, அந்த நாலு வரியை அப்படியே அவரிடம் நீட்டுங்கள். அதில் எல்லாம் இருக்கிறது.